சோறு சிந்தாத தட்டு

தயாபரனுக்குப் போர்ப்படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தெமோதரைச் சந்தியில் திரீவீல் ஓட்டுகிறவன், வாழ்நாளில் ஒரு நாய்மேல்கூடக் கல் எறிந்து பழகாதவன், எந்தத் துவக்கில் எத்தனை ரவை போட்டுச் சுடலாம் என்பதை மட்டும் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் தோட்டத்து வரிசைவீட்டில் அவனுடைய லயக் காம்பரா தியேட்டராகிவிடும். ஒரு பெரிய டீவி, அதைவிடப் பெரிய இரண்டு ஸ்பீக்கர். சுவரில் மாட்டியிருக்கும் முருகன் படம் அந்த அதிர்வில் தினுசு தினுசாகக் கோணும்.

படத்தைக் கொண்டுவருகிறவன் கிரிஷாந்தன். பதுளை டவுனில் ஒரு போன் கடையில் வேலை. எந்தப் படம் நிஜம், எந்தப் படம் புளுகு என்று பிரித்துச் சொல்வதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறான். பிறந்ததிலிருந்து பொங்கல் வெடியைத் தவிர வேறு வெடி கேட்டிராத பிள்ளை அவன். ஆனாலும் தொப்பியின் சரிவு பிழை, சப்பாத்தின் கயிறு பிழை என்று அவன் எடுத்து வைக்கும்போது பெரிய தளபதியே தோற்றுப் போவார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் முத்திரை குத்த ஒருவர் இருந்தார். ஜகத். கீழ்க் கிராமத்துச் சிங்களவர், முன்னாள் ஆமிக்காரர், இப்போது தயாபரனோடு அதே ஸ்டாண்டில் திரீவீல் ஓட்டுகிறார். "அண்ணே, இது ஒரிஜினல் மாதிரி இருக்கா?" என்று கேட்டால் பிளேன்டியை உறிஞ்சிவிட்டு, "ம், பரவாயில்ல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எப்போதும் வாசற்பக்கம், இஸ்தோப்புத் திண்ணையை ஒட்டித்தான் உட்காருவார். காற்றுக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

தயாபரனின் மனைவி நிஷாந்தினி படம் பார்க்க மாட்டாள். பின்னால் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். "எங்க வீட்டம்மாவுக்கு சவுண்டுன்னா பயம்" என்று தயாபரன் கேலி செய்வான். அவள் சிரித்துக்கொள்வாள். உண்மையில் அந்தப் படங்கள் அவளைப் பயமுறுத்தியதே இல்லை. துருவலுக்கு நடுவே எட்டிப் பார்த்தால், ஓடுகிறவன் வசனம் பேசிக்கொண்டே ஓடுகிறான். யாருக்கும் தண்ணீர் விடாய்க்கவில்லை. யாருக்கும் வயிறு கலங்கவில்லை. எவனும் கழன்றுபோன ஒற்றைச் செருப்பைத் தேடி நிற்கவில்லை. எல்லாம் பொய். பொய்யாக இருந்ததால்தான் அவளால் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்க முடிந்தது.

அவளுடைய தாய் தகப்பன் பூனாகலைக்காரர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் லயத்தோடு உடைமைகளும் எரிய, உயிர் பிழைத்தால் போதும் என்று வன்னிக்குப் போனவர்கள். நிஷாந்தினி பிறந்து வளர்ந்தது அங்கேதான். கடைசி யுத்தத்தில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அவளை முகாமிலிருந்து தாய்மாமன் பூனாகலைக்குக் கூட்டிவந்தார். இவ்வளவும் தயாபரனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று. அந்தக் கடைசி யுத்தத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அவளை இயக்கத்துக்காரர்கள் பிடித்துப் போய் இடுப்பளவு முடியைக் கத்தரித்து, கையில் துவக்கைக் கொடுத்தார்கள். விழுவது எப்படி, எழுவது எப்படி என்பதை மட்டும் அவசரமாகக் கற்றுக்கொடுத்துக் காவலரணில் விட்டார்கள். அரண் உடைந்த அன்று துவக்கை வாய்க்காலில் போட்டுவிட்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு சனத்தோடு சனமாக வந்துவிட்டாள். "இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதிந்துவிடுங்கள்" என்று ஆமிக்காரர்கள் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் வந்த அத்தை அவள் முழங்கையை நகம் பதியக் கிள்ளினாள். நிஷாந்தினி குனிந்த தலை நிமிராமல் நடந்தாள். பதியவில்லை.

அந்த நடை இன்னும் முடியவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும். தோட்டத்து ஆபீசில் புதுமுகம் ஒன்று வந்து பெயர் விசாரித்தால் அவள் வேறு வழியால் சுற்றிக்கொண்டு போவாள். அதைவிடப் பெரிய பயம் வீட்டுக்குள் இருந்தது. பெண் பேச வந்தபோது தயாபரனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "புள்ள இயக்கத்துல கியக்கத்துல இருந்துச்சா?" ஒன்றும் அறியாத தாய்மாமன், மாரியம்மன் கோயிலில் சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். இவள் பக்கத்தில் நின்றாள். சூடம் அணைத்துச் சொன்ன பொய் குடும்பத்தைச் சும்மா விடாது என்பது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவளுக்கு மடி நிறையக் கனம்.

போன மாசியில் ஒரு ஞாயிறு. தமிழில் குரல் கொடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம். படம் பார்க்கிறவர்களின் முகத்தை எடுத்துப் போட்டால் ஆட்கள் விரும்பிப் பார்ப்பார்கள் என்று கிரிஷாந்தன் அன்று போனை ஒரு டின்மேல் நிறுத்திப் பதிவு செய்துகொண்டிருந்தான். நிஷாந்தினி அடுப்படிக் கதவு நிலையில் நின்று மகள் கௌசிகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு வாய் வாங்கிவிட்டு ஒன்பது கேள்வி கேட்கும். தட்டை வலது கைக்கு மாற்றி, இடது கையால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் சண்டை ஓய்ந்து, ஒருவன் கடிதம் படித்துக்கொண்டிருந்தான். பின்னால் பறவைச் சத்தம். அந்தப் பறவைச் சத்தத்துக்கும் பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு 'டொக்'. உரலில் ஒரே ஒரு குத்துக் குத்தியதுபோல. அறையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நிஷாந்தினி தரையில் கிடந்தாள்.

வாசற்பக்கம் ஜகத்தும் கிடந்தார்.

அதன் பிறகுதான் டீவியில் கூவல் வந்தது, வெடித்தது, ஸ்பீக்கர் அதிர்ந்தது. கௌசிகா நிலையருகே தன்னந்தனியாக நின்று வீறிட்டு அழுதாள்.

ஒரு நிமிடம் திகைத்துப் போனவர்கள் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்காவப் பாருங்கடா! ஆளு விழுந்துட்டாங்க, தட்டு விழல!" என்றான் கிரிஷாந்தன். உண்மைதான். இடது முழங்கை தரையில் குத்தியிருந்தது. வலது கை மட்டும் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதில் சோற்றுத் தட்டு. ஒரு பருக்கை சிந்தவில்லை. ஜகத் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு, அலுமாரியைச் சுற்றி உள்ளே வந்து அந்தக் கையையே பார்த்தார். ஊர்ச் சனம் செல் குண்டுக்கு விழுந்தால் தலையைப் பொத்திக்கொண்டு விழும், பிள்ளையை இழுத்து அடியில் போட்டுக்கொண்டு விழும். துவக்கில் மண் படக்கூடாது என்று வலது கையைத் தூக்கிக்கொண்டு விழுவதற்கு யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அவருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"பொறுங்க, வெடிக்கிறதுக்கு முந்தியே எப்புடி விழுந்தாங்க?" என்று கிரிஷாந்தனுக்குச் சந்தேகம் வந்தது. படத்தைப் பின்னுக்கு இழுத்தான். மறுபடி போட்டான். மறுபடி இழுத்தான். மூன்றாம் தடவை அந்த 'டொக்' அவன் காதில் விழுந்துவிட்டது. "அட! செல் கெளம்புற சத்தம்! எவ்ளோ நுணுக்கமா வச்சிருக்கான் பாருங்க! அண்ணே, இதத்தானே கேட்டீங்க? அக்கா, நீங்களுமா?" சொந்தப் பிள்ளை பாஸானதுபோல அவனுக்குச் சந்தோஷம். அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவையும் நிஷாந்தினியின் முழங்கால் தானாக மடங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீடியோவ அடுத்த ஞாயிறு என் பேஜ்ல போடுறேன்க்கா. சோத்துத் தட்ட விடாத அக்கான்னு பேரு வப்போம். ஒலகமே பாக்கும்."

உலகம் பார்க்கும். அதுதான் பயம். காவலரணில் கூட இருந்த யாராவது பார்க்கலாம். பதியச் சொல்லிக் கத்தியவர்களில் யாராவது பார்க்கலாம். அன்றைக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, என்னைய மட்டும் ஏன் நிக்க விட்டே?" என்று கௌசிகா கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனையோ இரவு விழித்துக் காத்த பிள்ளை. அந்த 'டொக்' கேட்ட கணத்தில் பிள்ளை ஞாபகமே வரவில்லை. கைக்குத் துவக்குத்தான் ஞாபகம் வந்தது. தன் கையை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. தயாபரன் வெலிமடைக்கு ஹயர் போயிருந்தான். ஜகத்தின் திரீவீல் லயத்தடியில் வந்து நின்றது. அவர் ஏறி வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். தன்னைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அவர் தனியாகத்தான் வந்தார். இஸ்தோப்பில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"நங்கி, தங்கச்சி, பயப்பட வேணாம்."

"என்னாங்க அண்ணே?"

"நான் கையப் பார்த்தது. அந்தப் பொடியனும் ஒரு நாள் பார்க்கும், வேற ஆள் சொல்லிக் குடுத்தா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் அவன்கிட்ட பேசினது. அந்த வீடியோ அழிச்சாச்சு. என் கண்ணுக்கு முன்னால அழிச்சது."

அவள் நம்பவில்லை. "சும்மாவா அழிச்சாரு?"

"சும்மா இல்ல. அதுக்குப் பதிலா நான் அவனுக்குப் பேட்டி குடுக்கணும்." ஜகத் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பதினஞ்சு வருஷமா யுத்தக் கதை என் பொஞ்சாதிக்கும் சொன்னதில்ல. பரவாயில்ல. நங்கி பத்திக் கேட்டா நான் பார்த்துக்கொள்றேன்."

அவர் போன பிறகு அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எதிரில் நின்று சுட்டிருக்கக்கூடிய மனிதர், இன்று தனக்காக வாய் திறக்கப் போகிறார். நன்றி பொங்கியது. அதற்கடியில் பயமும் இருந்தது. இனி தன் உயிர் இன்னொருவர் நாக்கில்.

ஞாயிறு காலை பேட்டி வந்தது. தயாபரனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கூட்டாளி போனில் வருகிறார்! டீவியில் போட்டு, நிஷாந்தினியையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். ஜகத் சட்டை பட்டனைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. படம் எவ்வளவு நிஜம் என்று கேட்டதற்கு, "சத்தம் சரி" என்றார். வேறென்ன சரி என்று கேட்டதற்கு, நெடுநேரம் யோசித்து, "வேற ஒண்ணும் சரியில்ல. மணம் இல்லையே" என்றார். கிரிஷாந்தன் சளைக்காமல் கேட்டான்: "அன்னைக்கு ஒங்களோட சேந்து தயாபரன் அண்ணன் வீட்டு அக்காவும் விழுந்தாங்களே, அவங்களுக்கு எப்புடித் தெரிஞ்சிச்சு?"

"நங்கிக்கு ஒண்ணும் தெரியாது. நான் விழுந்தது பார்த்துப் பயந்து விழுந்தது. அவ்வளவுதான்."

நிஷாந்தினிக்கு மூச்சு திரும்பியது. தப்பித்தோம் என்று பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகுதான் பக்கத்தில் தயாபரன் அசையாமல் இருப்பதைக் கவனித்தாள். அவன் வீடியோவை நிறுத்தியிருந்தான். வாசலைப் பார்த்தான். அடுப்படி நிலையைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் ஆளுயர அலுமாரி.

"நீ அங்கன நின்ன. அவரு இங்கன இருந்தாரு. அவரு விழுந்தத நீ எப்புடிப் பாத்த?"

அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வன்னியில இருந்தவ, ஒனக்கு அந்தச் சத்தம் தெரிஞ்சிருக்கும். நான் அப்புடித்தான் நெனச்சேன். அத சொல்லிட்டுப் போயிருந்தா நானே மறந்திருப்பேன். அவரு எதுக்குப் பொய் சொல்றாரு, நிஷா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. காப்பாற்றச் சொன்ன ஒரு பொய், கதவைத் திறந்துவிட்டது. அவளுக்குப் புதுப்பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"புடிச்சிக்கிட்டுப் போனாங்க. நானாப் போகல" என்றாள். பிறகு முழுவதையும் சொன்னாள். கஞ்சி வரிசை, முடி, வாய்க்கால், ஒலிபெருக்கி, அத்தையின் நகம். சூடத்தையும் சொன்னாள். கை ஓங்குவான், அம்மாவைக் கூப்பிடுவான், பெட்டியைத் தூக்கி வெளியே போடுவான் என்று எத்தனை வருடம் நினைத்து நடுங்கியிருக்கிறாள். அவன் எதுவும் செய்யவில்லை. முகத்தில் ரத்தம் இல்லாமல் கேட்டான்:

"பதியவே இல்லியா?"

"இல்ல."

"ஜகத் அண்ணனத் தவுத்து வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அது அவளுடைய குரல். அவன் கோபப்படவில்லை, பயந்துவிட்டான். எழுந்து போய் லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டிப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். லயத்தில் பகலில் யாரும் கதவு சாத்துவதில்லை. சாவு விழுந்தாலும் திறந்துதான் கிடக்கும்.

உடனே பக்கத்துக் காம்பராவிலிருந்து அன்னலட்சுமி அக்காவின் குரல் வந்தது. "என்னா தயா, பட்டப்பகல்ல கதவச் சாத்திட்ட? என்னா வெசயம்?"

தயாபரன் வாயைத் திறந்தான். மனைவியைப் பார்த்தான்.

"புள்ளைக்கு இருமல், அக்கா. காத்து அடிக்குது, அதான்" என்றாள் நிஷாந்தினி. குரலில் ஒரு பிசிறு இல்லை.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தெரியாத வீட்டில் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டான்:

"இனிமே இப்புடித்தான் சொல்லணுமா?"