பாடுறவனே பாட்டும் எழுதினால்

கலியாண மண்டபத்தில் பாடுவது ஒரு விசித்திரமான தொழில். நன்றாகப் பாடினால் சனம் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கும், சுருதி கொஞ்சம் விலகினால் மட்டும் மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

எங்கள் இசைக்குழு கோப்பாயில் இருக்கிறது. கீபோர்ட் வாசிப்பவரும் குழுவை நடத்துபவரும் தயா அண்ணை. பாடுவது சுகந்தியும் நானும். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம், கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் பாடுவோம். 'ஆரோ எழுதினதை எவ்வளவு காலத்துக்குப் பாடுறது, நாங்களே எழுதினால் என்ன?' என்று மேடையில் நிற்கும்போது உங்களுக்கும் எப்போதாவது தோன்றியிருந்தால் நீங்கள் என் சாதிசனம். எனக்குத் தோன்றியதோடு நிற்கவில்லை, நான் எழுதியும் விட்டேன். அதனால் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

புத்தூர்க் கலியாணம்

முதல் பாட்டு செம்பாட்டு மண்ணைப் பற்றியது. தயா அண்ணைக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. "கறி காய்ச்சிறவன் கத்தரிக்காயும் நட வேணுமோடா? எழுதிறவன் எழுதட்டும், நாங்கள் பாடுவம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே உட்கார்ந்து மெட்டும் போட்டுத் தந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

புத்தூரில் ஒரு கலியாணம். தாலி கட்டி முடிந்து, சனம் நிறைந்த நேரம். மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக எங்கள் சொந்தப் பாடல்" என்றேன். யாரோ பந்தி போட்டாச்சு என்று அறிவித்தது போல முன்வரிசை முழுவதும் எழும்பியது. உண்மையில் பந்தி இன்னும் போடவில்லை. எழும்பியவர்கள் போய்ச் சாப்பாட்டறை வாசலில் சும்மா நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்று சரணத்தையும் பாடினேன். கண்ணைத் திறந்தபோது மணமகளின் பெரியப்பா மட்டும் மேடைக்குக் கிட்ட வந்து நின்றார். பாராட்டத்தான் வருகிறார் என்று குனிந்தேன். தோளில் தட்டி மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, பரிசோதிச்சுப் பாக்கிறதெண்டால் வீட்டிலை பாத்திட்டு வந்திருக்கலாமே."

படலையடியில் நின்றவள்

என் குரல்தான் சரியில்லையாக்கும் என்று அடுத்த பாட்டைச் சுகந்திக்காக எழுதினேன். சுகந்தி பகலில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். கலியாணம் கட்டியவள். எந்தப் பாட்டையும் இரண்டு தரம் கேட்டால் பிடித்துவிடுவாள். இந்தப் பாட்டிலோ ஒரு பெண் வீட்டு வேலிப் படலையடியில் மல்லிகைப்பூவோடு நிற்கிறாள், மாலை வருகிறது, அவன் வரவில்லை, அவள் உருகுகிறாள்.

ஒத்திகையில் பல்லவியைப் பாடியவள் சரணத்தில் நின்றுவிட்டாள். சுருதி கூடவோ என்று தயா அண்ணை கீபோர்ட்டில் கை வைத்தார். சுகந்தி தலையாட்டினாள். சுருதி சரியாம், பாடுவதற்குத்தான் வாய் வரவில்லையாம். "சினிமாப் பாட்டிலை இதைவிட உருகிறியே?" என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. "அது ஆரோ ஒருத்தியின்ரை கதை. உங்கடை பாட்டைப் பாடினால் சனம் என்ரை கதையெண்டெல்லே நினைக்கும்" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அண்ணை, நான் ஒருத்தருக்காகவும் படலையடியிலை நிண்டதில்லை. அவர்தான் எனக்காக பஸ் ஹோல்டிலை நிண்டவர்."

அந்தப் பாட்டு அங்கேயே முடிந்தது. ஆனால் அன்று இரவு முழுக்க அவள் சொன்னதைத்தான் யோசித்தேன். அந்த பஸ் தரிப்பிடத்தைப் பற்றி அவளையே எழுதச் சொன்னேன். இன்னும் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

பிள்ளையாருக்குத் தெரியும்

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் ஊர்ப் பிள்ளையாருக்குப் பாட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று வந்தார். நல்ல மனிதர். கோயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாலே கண் கலங்கும். பாட்டை நானே எழுதலாம் என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கோயில் கேணியையும் மருதமரத்தையும் போய்ப் பார்த்து, ஒரு கிழமை இருந்து எழுதினேன். ஸ்டூடியோவில் அவர் கேட்டுவிட்டு அழுதே விட்டார். பிறகு சீடி அட்டையில் போடும் பெயர்களைச் சொன்னார். பாடியவர் நான், இசை தயா அண்ணை, பாடல் வரிகள் தானாம்.

நான் தயா அண்ணையைப் பார்த்தேன். அவர் கீபோர்ட்டின் வயரை அவசரமாகச் சுற்றத் தொடங்கினார். "ஐயா, எழுதினது நானெல்லே" என்றேன், எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாக. அவருக்குக் கோபமே வரவில்லை. என் கையைப் பிடித்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"நான் நினைச்சு வைச்சிருந்ததைத்தானே தம்பி நீர் எழுதினீர். ஆர் எழுதினதெண்டு பிள்ளையாருக்குத் தெரியும், விடும்."

சோளகக் காற்று

பருத்தித்துறைக்கு அங்காலே கடற்கரையோரம் ஒரு வீடு. மகளின் கலியாணத்துக்கு எங்களை ஒழுங்குபண்ண வந்தவர் மணமகளின் தாய், இராசாத்தி அக்கா. அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனவர். படகு மட்டும்தான் கரை ஒதுங்கியது. கலியாணத்தில் அவருடைய பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்று அக்கா கேட்டார். அவரே கட்டிய பாட்டாம். இரண்டே வரி. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் எதிர்த்து அடிக்கிற நாளில் கரையைப் பார்த்துப் படகில் இருந்து பாடுவாராம். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு பாடிக் காட்டினார்.

"சோளகக் காத்தே, சொல்லுக் கேள்,
சோறு ஆறுது, வழியை விடு."

இரண்டு வரியை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது? மிச்சத்தை நான் எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். அலை வந்தது, விண்மீன் வந்தது, காத்திருக்கும் மனைவி வந்தாள், அவள் கண்ணீர் கடலோடு கலந்தது. தயா அண்ணையே "இது நல்லா வந்திருக்கடா" என்றார். பாடிப் பதிந்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நானே எடுத்துக் கேட்டேன். "நல்லாயிருக்குத் தம்பி" என்றார். பிறகு, "உதிலை கண்ணீர் எண்டு வருது. அவர் பசியிலைதானே பாடினவர்" என்றார்.

போனை வைத்துவிட்டு முற்றத்தில் இருந்து பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கோபம் வரவில்லை. அந்தப் பாட்டில் என் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று எனக்கும் அப்போது கேட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கலியாணத்தில் அந்த இரண்டு வரியை மட்டும்தான் பாடினோம். சுகந்தி ஒரு தரம், நான் ஒரு தரம், இடையில் தயா அண்ணை மெட்டை மட்டும் வாசித்தார். மூன்றாம் தரம் பின்வரிசையிலிருந்து ஆண்குரல்கள் சேர்ந்தன. அவரோடு கடற்றொழிலுக்குப் போனவர்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். "சோறு ஆறுது" என்ற இடத்தில் மணமகள் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். முடிந்ததும் இராசாத்தி அக்கா மேடைக்கு வந்து எங்கள் மூவரின் கையையும் பிடித்தார்.

"அவர் வந்து சாப்பிட்டிட்டுப் போன மாதிரி இருக்குத் தம்பி" என்றார்.

கீரிமலைக் குளிப்பு

அதற்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். குறைத்து எழுதப் பழகினேன். வெங்காயத் தோட்டத்தில் நின்று மழைக்காக வானத்தைப் பார்க்கிற ஒருவரைப் பற்றிய சின்னப் பாட்டை தயா அண்ணை யூடியூபில் போட்டார். பெரிதாக யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் வாசிகசாலை ஒலிபெருக்கியில் சில காலம் காலையில் போட்டார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை கீரிமலைக் கேணியில் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உடம்பான ஒரு மனிதர் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கண்ணை மூடி, சத்தமாகப் பாடினார். என் பாட்டு! மெட்டில் பிழையில்லை. ஆனால் "முகிலே, எங்கள் முகம் பாராய்" என்று நான் எழுதியதை அவர் "முகிலே, எங்கடை கிணறு பார்" என்று பாடினார். பக்கத்தில் போய், "நல்ல பாட்டண்ணை, ஆர் எழுதினது?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அவர் முகத்தை வழித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரோ பழைய ஆக்கள் தம்பி. இப்பத்தைப் பெடியளுக்கு உப்பிடி எழுத வருமே?"

இப்போது மேடையில் நானும் கிணறு என்றுதான் பாடுகிறேன், எழுதியவன் குறை சொல்ல வந்தால் சமாளிப்பது கஷ்டமில்லை, அவனுக்குச் சோறு போடுவது இந்தப் பாடுகிறவன்தானே.