பதினொன்று ஏ-யில் ஜன்னல் இல்லை

ஏழாம் வாசலில் நின்று பயணிகளை விமானத்தில் ஏற்றிவிடும் அவளுக்கு, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பனிக்கட்டி. பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே கத்திப் பார்த்துவிட்டார்கள், ஒருவராலும் அவளை உருக்க முடியவில்லை. ஒருமுறை ஓர் ஆசாமி போட்ட கூச்சலில் வெளியே நின்ற விமானமே இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டதாம். அவள் மட்டும், "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்றாளாம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று காலை குப்பென்று வேர்த்தது.

வரவேண்டிய பெரிய விமானத்தில் ஏதோ கோளாறு. பதிலுக்குச் சின்னது வந்து நின்றது. எல்லாருக்கும் இடம் இருந்தது, ஆனால் அவரவர் கேட்டு வாங்கிய இடம் இல்லை. கம்ப்யூட்டர் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல எல்லாரையும் கலைத்துப் போட்டிருந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு நடுவே ஒன்பது வரிசை.

அந்தக் கூட்டத்தில் அவள் மாமியாரும் இருந்தார். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். கண்ணை மூடிக்கொண்டே கரும்பலகையில் ஊர் ஆற்றை வளைத்து வளைத்துப் போடுவார். எழுபத்தோரு வயதில் அக்காவைப் பார்க்க முதல் விமானப் பயணம். "நான் போட்ட ஆறு சரியான்னு மேல இருந்து ஒரு தடவை பார்த்துடணும்" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முப்பத்தொன்று ஏ, ஜன்னலோரம் என்று மருமகள் மூன்று மாதம் முன்பே பிடித்துக் கொடுத்திருந்தாள். சின்ன விமானத்தில் முப்பத்தொன்றாம் வரிசையே கிடையாது.

"அம்மாடி, எனக்குப் பதினொன்னு ஏ போட்டிருக்கு. முன்னாடி வந்துட்டேன் பாரு!" என்று மாமியார் புதுச் சீட்டை ஆட்டிக் காட்டினார்.

மருமகள் கம்ப்யூட்டரில் இருக்கைகளின் படத்தைப் பார்த்தாள். படத்தில் அது ஜன்னலோரம்தான். ஆனால் அந்த விமானத்தில் அந்த ஓர் இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது, வெறும் சுவர். விமானத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். மாற்றலாமென்றால் வேறு ஜன்னலோரம் காலியில்லை. அப்படியே இருந்தாலும், ஊழியர் வீட்டு ஆட்களுக்குக் கடைசியாகத்தான் தரவேண்டும் என்பது விதி.

அதற்குள் ஒரு பருத்த மனிதர் மேஜையைத் தட்டினார். பேக்கரிக்காரர், புருவத்தில்கூட மாவு. "என் நாலு ஏ எங்கம்மா போச்சு? இருபதுல தூக்கிப் போட்டிருக்கீங்க!"

"இருபதும் ஜன்னலோரம்தானே சார். ஜன்னல் எதுக்குக் கேட்டீங்க?"

"எதுக்கா? தலையைச் சாய்ச்சுத் தூங்கத்தான்! ராத்திரி பூரா அடுப்படியில நின்னுட்டு வரேன். ஜன்னல்ல வெயில் அடிச்சா அந்தத் தூக்கமும் போச்சு."

பனிக்கட்டி முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு.

"உள்ளதைச் சொல்லிடறேன் சார். பதினொன்னுல ஒரு இடம் இருக்கு. ஜன்னலே கிடையாது. முழுச் சுவர். துளி வெளிச்சம் வராது. இப்ப அது எங்க அத்தைகிட்ட இருக்கு, நீங்க சம்மதிச்சா மாத்தித் தரேன்."

"அடடா! இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

புதுச் சீட்டைப் பார்த்த மாமியார் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "பதினொன்னுல இருந்து இருபதா? ஊர்ல எல்லார் மருமகளும் மாமியாரை முன்னாடி உட்கார வைப்பா. நீ பின்னாடி தள்ளுறே!"

"போய் உட்காருங்க அத்தை. இறக்கை மறைக்காது."

விமானம் எழும்பி மேகத்துக்குள் போகிறவரை அவள் கண்ணாடிச் சுவரோரமே நின்றாள்.

மத்தியானம் போன் வந்தது. பேக்கரிக்காரரை எழுப்ப விமானி, பணிப்பெண்கள், துப்புரவு ஆட்கள் என்று ஒரு பட்டாளமே தேவைப்பட்டதாம். அதைச் சொல்லி முடித்து மாமியார் தொண்டையைச் செருமினார்.

"ஆத்தைப் பார்த்தேன்டி."

"சரியா இருந்துச்சா அத்தை?"

"நான் போட்டது சரிதான். ஆறுதான் ரெண்டு இடத்துல தப்பா வளையுது."