சீம்பால் பவுடருக்குச் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் யேசுதாசன் பூச்சு வேலைக் கொத்தனார். சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரை முப்பது வருஷமாக எத்தனையோ வீடுகளைப் பூசியிருக்கிறார். சுவரில் ஈரம் இருந்தால் பூசமாட்டார். ஈரம் எங்கிருந்து வருகிறது, அதை முதலில் பாருங்கள் என்பார். சொந்தக்காரர் அவசரப்படுத்தினால் சுவரைத் தேய்க்கிற மணியாஸ் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தான் பூசியதில் பிசகு தெரிந்தால், யாரும் சொல்லுமுன் தானே கொத்திப் போட்டுவிட்டு மறுபடி பூசுவார். அதனாலேயே மேஸ்திரிகள் பலருக்கு அவரைப் பிடிக்காது.

அப்படிப்பட்ட மனுஷனை ஒரு டப்பா பவுடர் ஏமாற்றியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. இது வந்தது, போகவில்லை.

கையைத் தூக்கித் தூக்கிப் பூசியதில் அவருக்கு வலது தோள் போய்விட்டது. மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி, காலையில் டீக்கு முன்னால் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வார். நாலு வருஷம் இப்படி ஓடியது. போன வருஷம் மழைக்கு முன்னால் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அரசு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையின் உள்தோலில் புண், அதில் கசிகிற ரத்தம்தான் கறுப்பாகப் போகிறது என்றார்கள். வலி மாத்திரையைத் தொடக் கூடாது, அவர்கள் கொடுக்கிற மாத்திரையை இரண்டு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டார். வயிற்றில் எரிச்சல் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் எலியேசர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். என் மகள் பிளஸ்ஸிக்கு அந்தப் பேரைச் சொன்னவரே அவர்தான். அன்றைக்கு அவர் பையில் பைபிளோடு ஒரு டப்பாவும் இருந்தது. பசு கன்று போட்டதும் கறக்கிற சீம்பாலைக் காயவைத்துப் பொடியாக்கியது என்றார். கன்றுக்குட்டிக்குக் குடல் திறந்திருக்குமாம், சீம்பால் குடித்தால் மூடிக்கொள்ளுமாம். கன்றுக்குச் செய்கிற தேவன் மனுஷனுக்குச் செய்யமாட்டாரா என்று கேட்டார். செல்போனில் ஒரு படமும் காட்டினார். அதில் குடல் செங்கல் சுவர் மாதிரி இருந்தது. செங்கல்லுக்கு நடுவே சந்து. சந்து வழியாக விஷம் கசிகிறது. பவுடர் இறங்கியதும் சந்தெல்லாம் அடைபட்டுப்போகிறது.

சிமெண்டு விற்கிறவன் வார்த்தையை நம்பாத மனுஷன், படத்தில் சுவரைப் பார்த்ததும் நம்பிவிட்டார். திரும்ப ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"செங்கல் சந்துல பாயிண்டிங் பண்ற மாதிரியே கீதுண்ணா" என்றார்.

"அதேதான் தம்பி. இத குடிச்சா போதும். அந்த கெமிக்கல் மாத்திரையெல்லாம் எதுக்கு?"

ஆஸ்பத்திரி மாத்திரை நின்றது. பவுடர் வயிற்றைக் காக்கும், பயமில்லாமல் வேலைக்குப் போ என்று அண்ணன் சொன்னதால் வலி மாத்திரை திரும்ப வந்தது. நான் அந்த டப்பாவின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணி, தினமும் காலையில் என் கையாலேயே கலக்கிக் கொடுத்தேன். எலியேசர் அண்ணன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலும் எனக்கு உண்டு.

எங்கள் கூட்டத்தில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். யாரும் குறுக்கே பேசக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. முடிந்ததும் எல்லாரும் அல்லேலூயா சொல்வோம். பவுடர் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது வெள்ளிக்கிழமை அண்ணன் இவரை எழுப்பி நிறுத்தினார். சீம்பால் பவுடரால் எரிச்சல் நின்றுபோச்சு என்று இவர் சாட்சி சொன்னார். எரிச்சல் நின்றது நிஜம். ஆனால் அதை நிறுத்தியது மூன்று வாரம் சாப்பிட்ட ஆஸ்பத்திரி மாத்திரை. எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. அன்றைக்கே ஏழு வீட்டில் அண்ணனிடம் டப்பா வாங்கினார்கள்.

முதலில் வாங்கியது தபீதாள் அக்கா. கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. முட்டி வலிக்கு அதே வலி மாத்திரை, அதே வயிற்றுப் புண். இவர் சாட்சியைக் கேட்டு அக்காவும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் ஆனது. அகரம்தென்னில் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கீழே இறங்கி, மணல் குவியல் மேல் ரத்தமாகக் கக்கினார். ஆஸ்பத்திரியில் மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். வேறு என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டபோது டப்பாவைக் கொடுத்தேன். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. கன்றுக்கு அது உயிர், மனுஷர்களிடம் சின்னச் சின்னதாகத்தான் சோதித்திருக்கிறார்கள் என்றார். வலி மாத்திரையால் குடல் தோலில் வருகிற கசிவு கொஞ்ச நாளைக்குக் குறைந்தது என்று சிலதில் தெரிந்ததாம். ரத்தம் வருகிற புண்ணை ஆற்றும் என்று எதிலும் காட்டவில்லையாம்.

"கூட சேர்த்துக் குடிச்சிருந்தாக்கூட பரவாயில்லம்மா. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

பிளஸ்ஸி டப்பாவைத் திருப்பி அடியில் இருந்ததைப் படித்தாள். இது எந்த நோயையும் குணமாக்குவதற்கு அல்ல என்று எறும்பு மாதிரி எழுத்தில், இங்கிலீஷில் போட்டிருந்தது. நான் அஞ்சாவது படித்தவள். என் மாதிரி ஆட்களிடம் விற்கிற டப்பாவில் அதை மட்டும் தமிழில் போட அவர்களுக்குக் கை வரவில்லை.

மறுநாள் எலியேசர் அண்ணன் வார்டுக்கு வந்தார். உள்ளே இருந்த கழிவு வெளியே வருகிறது, நல்ல அடையாளம்தான், இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குக் கையைத் தூக்கினார். அதுவரை அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை.

"ஜெபம் பண்ணுங்கண்ணா. ஆனா மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்களே, அத மொதல்ல கர்த்தர்கிட்ட சொல்லுங்க. எங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி, அறியாமல் செய்த பிழைகளை மன்னியும் என்று ஆரம்பித்தார்.

"அறியாமன்னு பொதுவா சொல்லாதீங்கண்ணா. டப்பா பேர சொல்லி சொல்லுங்க."

கண்ணைத் திறந்தார். சத்துரு உங்கள் வாயில் உட்கார்ந்து பேசுகிறான் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, ஆமென் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் படுக்கையில் என் பக்கம் திரும்பினார். "தபீதாக்கா இன்னும் அத்த குட்சிகினுதான் கீதா?" என்று கேட்டார்.

நான் போன் போட்டேன். அக்கா கேட்கவில்லை. எங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாக அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். "உங்க வூட்டுக்காரரே நின்னு சாட்சி சொன்னாரேம்மா, நீ இன்னா இப்ப மாத்திப் பேசற" என்று போனை வைத்துவிட்டார். அதைக் கேட்டு இவர் ஊசிக் குழாயோடு எழுந்திரிக்கப் பார்த்தார். தான் சொல்லிக் கெடுத்ததைத் தானேதான் போய்த் திருத்த வேண்டுமாம். நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தார்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டோவில் கூட்டத்துக்குப் போனோம். சாட்சி நேரம் வந்ததும் இவர் எழுந்தார். எலியேசர் அண்ணன் பார்த்தார், உடனே கையைத் தட்டிப் பாட்டு எடுத்தார். அந்தப் பாட்டு முடிந்ததும் மூச்சுவிடாமல் அடுத்தது. இவர் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது பாட்டில் தபீதாள் அக்கா கை தட்டுவதை நிறுத்தினார். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் அண்ணன் மட்டும் ஒரு வரி பாடிவிட்டு நின்றார்.

"நான் இங்க நின்னு சொன்ன சாட்சி தப்பு" என்றார் இவர். "என் எரிச்சல நிறுத்துனது ஆஸ்பத்திரி மாத்திர. பவுடர்னு உங்ககிட்ட சொன்னேன். மாத்திரைய வுட்டேன், ரத்தமா கக்கனேன். தபீதாக்கா, என்ன நம்பி நீ நிறுத்தன. நான் சொன்னது தப்புக்கா."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. இது கர்த்தருடைய சபை, மருந்துக் கடை இல்லை என்றார் எலியேசர் அண்ணன்.

"அப்ப டப்பாவ ஏண்ணா இங்க வித்த?" என்றார் இவர்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணன் பைபிளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

தபீதாள் அக்கா எழுந்து என்னிடம் வந்து, காதோரம் சொன்னார். நாலு நாளாகக் கறுப்பாகப் போகிறதாம். விசுவாசம் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். நாங்கள் முடிவு ஜெபத்துக்கு நிற்கவில்லை. வந்த ஆட்டோவிலேயே அக்காவை நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னோம்.

கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி நின்றபோது அக்கா என் கையைப் பிடித்தார். "டாக்டரு திட்டுவாங்களா?"

"திட்டட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். "ஒண்ணு வுடாம சொல்லு."