இன்னும் ஒரு சுற்று

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மத்தேயு ஃபிட்டர். எந்த நட்டை இறுக்கினாலும், அது இறுகிய பிறகும் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால்தான் மனுஷனுக்கு மனசு ஆறும். ஓடுகிற மெஷினில் நட்டு கழன்றால் யார் விரலாவது போகும் என்று பயந்து பயந்து பழகிய கை. வீட்டுக்கு வந்தாலும் அது அடங்காது. அவர் மூடிய தண்ணீர்க் குழாயை லயத்து வரிசை வீடுகளில் வேறு யாராலும் திறக்க முடியாது. ஊறுகாய்ப் போத்தலோடு மனைவி நேசராணி மல்லுக்கட்டாத நாளில்லை.

"ஏங்க, இது என்ன போத்தலா, ஃபேக்டரியா?"

மகள் கேஷானி சைக்கிள் பந்தயக்காரி. மறுநாள் பதுளையில் போட்டி. பாதித் தூரம் மலை இறக்கம். பாரம் குறையட்டும் என்று மலிவு விலைக் கார்பன் ஃபைபர் ஹேண்டில் இரண்டை ஆன்லைனில் வாங்கியிருந்தாள். ஒன்றை அப்பாதான் மாட்டிக்கொடுத்தார். ஒரு வாரமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் இறக்கங்களில் பறந்தாள். அன்று காலை, வளைவு ஒன்றில் ஹேண்டில் நறுக்கென்றது.

"மலிவுச் சாமான்னா இப்பிடித்தான்! நாளைக்கு இதுல ஏறவே கூடாது!" மத்தேயு குதித்தார்.

"சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கப்பா."

ஃபேக்டரிப் பட்டறைக்குப் போனார்கள். நேசராணியும் மனசு கேட்காமல் பின்னாலேயே வந்தாள். ஹேண்டிலையும் அதைக் கவ்விப் பிடிக்கும் துண்டையும் சேர்த்துக் கழற்றி, மேசையில் அசையாமல் பூட்டினார் மத்தேயு. ஹேண்டிலின் நுனியில் மணல் நிரப்பிய தேயிலைக் கொழுந்துச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். தாங்கியது. இரண்டாவது சாக்குக்கு மெல்ல முனகியது.

"யேசப்பா! போதுங்க," என்றாள் நேசராணி.

மூன்றாவது சாக்கைக் கட்டிக் கையை எடுக்கக்கூட இல்லை, படார்! சாக்குகள் தரையில் கிடந்தன. ஹேண்டில் இரண்டாக ஒடிந்துவிட்டது.

"பாத்தியா? பாத்தியா புள்ள?" மத்தேயு கத்தினார். காலையில் இதைப் பிடித்துக்கொண்டுதானே மகள் பள்ளத்தோரமாக இறங்கி வந்தாள்!

"மத்ததையும் பாப்போம். அத நான் மாட்டுறேன்."

கேஷானி நட்டை இறுக்கினாள், பிடித்ததும் நிறுத்திக்கொண்டாள். மத்தேயு கையை நீட்டினார். அவள் ஸ்பானரைக் கொடுக்கவில்லை. மறுபடி சாக்குகள் ஏறின. மூன்றாவது ஏறியது, நான்காவதும் ஏறியது. ஹேண்டில் அப்படியே நின்றது.

மத்தேயுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவைதானே? ஒடிந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கவ்விப் பிடித்த இடத்திலேயேதான் ஒடிந்திருந்தது. அதைச் சுற்றிலும் ஹேண்டில் நசுங்கிப்போயிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சாமான்ல குத்தமில்ல புள்ள. நாந்தான் இறுக்கி நசுக்கிட்டேன். பாவி நான், ஒன்னையக் கொல்லப் பாத்தேனே!"

"ஆமாப்பா," என்றாள் கேஷானி. நான்கு சாக்கைத் தாங்கிய ஹேண்டிலைக் கழற்றி ஒதுக்கி வைத்தாள். "இவ்வளவு பாரத்தத் தூக்குனதையும் இனி நம்ப ஏலாது. உள்ளுக்கு வெடிச்சிருந்தா வெளிய தெரியாது. நாளைக்கு வீட்டுல கழட்டி வெச்ச பழைய ஹேண்டிலே போதும்."

வீட்டுக்குப் போய்ப் பழைய ஹேண்டிலைப் பொருத்தியதும் மத்தேயு பழக்கதோஷத்தில் ஸ்பானரை எடுத்தார். எடுத்தவர் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தா. நீயே இறுக்கு."

அவள் இறுக்கினாள். "போதும்," என்று நிறுத்தினாள்.

இன்னும் ஒரு சுற்றுக்கு மத்தேயுவின் விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அங்கே நின்ற நேசராணி அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.