உப்புப் பூத்த டைனோசர்

மச்சாது சார் காலமான செய்தியை அட்டெண்டர் செல்லையாதான் வந்து சொன்னார். நான் வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "காலையில நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தவுகதான் சார், எந்திரிக்கல" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். முந்தின நாள் மாலையில்தான், டைனோசரின் தொடையை இன்னொரு முறை மெலிய வைக்கப் போவதாகச் சொல்லி என்னிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுரையை முடிக்காமலே போய்விட்டார் மனிதர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தூத்துக்குடிக் கல்லூரியில் விலங்கியல் துறையில் செய்முறை வகுப்புக்கான டெமான்ஸ்ட்ரேட்டர், விரிவுரையாளருக்கு ஒரு படி கீழே. கொழும்புக்குத் தோணி ஓட்டிய குடும்பம். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் மட்டும் தவளை அறுக்க வந்தார். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடங்களில், மாணவர்களோடு அரியலூர்ப் பக்கம் போனவர், அங்கே ஒரு டைனோசரின் உடைந்த தொடை எலும்பைப் பார்த்து அளவெடுத்து வந்தார். அன்றிலிருந்து ஒரே கேள்விதான். "இந்த எலும்பு எவ்வளவு சதையச் சொமந்திருக்கும் வே? ஆளு உசுரோட நின்னா என்ன எடை இருந்திருக்கும்?"

தசை மக்கிப்போய்விடும். அது எலும்பைப் பிடித்திருந்த இடம் மட்டும் சொரசொரப்பாக மிஞ்சும். அந்தத் தழும்பை வைத்துத் தசையின் பருமனை ஊகிக்க வேண்டும். அந்தக் கணக்குப் பிடிபடுவதற்காக ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கறிக்கடைக்குப் போய் முழுத் தொடையாக வாங்குவார். "சார், நீங்க கறி திங்க வாங்குதியளா, பாடம் நடத்த வாங்குதியளா?" என்று கடைக்கார பாய் கேட்பார். ஒவ்வொரு தசையாகப் பிரித்து, தழும்பை அளந்து, நிறுத்து எழுதிய பிறகுதான் அவர் மனைவி பிலோமினா அக்கா அடுப்பில் சட்டியை வைக்க முடியும். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மூன்று மணிக்கு. விருந்துக்குக் கூப்பிடப்பட்ட பாவத்துக்கு நானும் பசியோடு காத்திருந்திருக்கிறேன்.

பிறகு கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, நாற்பதில் ஒரு பங்கு அளவில் விலங்கின் முழு உருவத்தையும் செய்தார். விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தில் அதை ஊசியால் அழுத்தி மூழ்கடிக்க வேண்டும். வழிந்த தண்ணீரை அளந்து, நாற்பதால் மூன்று முறை பெருக்கினால் அசல் உடம்பின் அளவு வரும். ஒரு தேக்கரண்டி சிந்தினால் முந்நூறு கிலோ காணாமல் போகும். பாத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களைத் தும்மக்கூட விடமாட்டார்.

அது கோடை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஆய்வகத்தில் தரை அலம்பக் கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வைத்திருப்போம். அவர் தண்ணீர் கேட்டு அனுப்பியபோது, அந்தக் கேனைக் கொடுக்கும்படி செல்லையாவிடம் சொன்னவன் நான். வழிகிற அளவைத்தானே பார்க்கப் போகிறார், எந்தத் தண்ணீரானால் என்ன என்று நினைத்தேன். அளவுஜாடி உடைந்துபோனது எனக்கு மறந்துவிட்டது. அவர் வழிந்த தண்ணீரைத் தராசில் நிறுத்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்குப் போட்டுவிட்டார். உப்புத் தண்ணீரின் கனமும் சேர்ந்து, இருபது டன் விலங்குக்கு அரை டன் கூடிவிட்டது.

அந்தக் கணக்கை வைத்து எழுதிய கட்டுரையைச் சென்னையில் ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அச்சில் வந்துவிட்டால் அவருக்கு விரிவுரையாளர் வேலை உறுதி என்று நிர்வாகமே சொல்லியிருந்தது. பன்னிரண்டு வருடமாக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவருக்கு வாய்த்த ஒரே வழி அதுதான்.

ஒருநாள் மத்தியானம் மெழுகு டைனோசரைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதன் முதுகில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இத நக்கிப் பாரும் வே."

நக்கினேன். உப்பு.

"தண்ணி எங்கன எடுத்தது?"

வேதியியல் கற்பிக்கிறவன், வாய் கூசாமல் சொன்னேன்: "தெரியல சார். செல்லையா எங்கயாவது பிடிச்சிட்டு வந்திருப்பாரு."

கட்டுரையைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "தொடைச் சதையில உங்க ஊகமே அஞ்சாறு டன் முன்னபின்ன இருக்கு. இந்த அரை டன்ன எவன் கேக்கப் போறான்?" என்று கத்தினேன்.

"சதை எனக்குத் தெரியாதது வே. தண்ணி தெரிஞ்சது. தெரியாததுல தப்பு வரலாம். தெரிஞ்சதுல வரலாமா?"

அன்றைக்கே கடிதம் போட்டுவிட்டார். எண்ணை மட்டும் திருத்தி அனுப்புங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். எல்லாவற்றையும் மறுபடி அளந்த பிறகுதான் அனுப்புவேன் என்றார். வேலை இன்னொருவருக்குப் போயிற்று. அதன் பிறகு ஆறு வருடம், தொடையில் மெழுகை அப்புவதும் சுரண்டுவதுமாக இருந்தார். "போதும் சார், அது நடந்து போயிரும்" என்று நான் சொல்லாத வாரமில்லை. சிரித்துவிட்டு மறுபடி சுரண்டுவார். இப்படியொரு பிடிவாதக்காரரை நான் இதுவரை கண்டதில்லை.

அடக்கத்தன்று பிலோமினா அக்காவின் முன்னால் போய் நின்றேன். ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். "அக்கா, அந்தத் தண்ணி..."

"தெரியும் தம்பி. அவுக உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாளே செல்லையா வந்து சொல்லிட்டாரு. நான் உங்கள்ட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். அவுகதான், 'கேக்காத, அவன் பாவம், மனசொடைஞ்சு போவான்'னு சொல்லிட்டாவ."

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோது ஒரு கயிறு என் கையில் இருந்தது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்ததும் குனிந்து, "தண்ணி நான் குடுத்தது சார்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சாமியார் செபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். நாலு பேர் முன்னால் நிறுத்தி நன்றாகத் திட்டியிருக்கலாம். ஆறு வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் போய்விட்டீர்களே. போய் வாருங்கள்.