நமக்கெல்லாம் சிரிப்பு வரும் அல்லவா?

ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக வகுப்புக்கு வந்த தாளில் இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை. கையில் வாங்கியதும் மை வாசனை மூக்கில் ஏறியது. மயிலாப்பூரில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்த காலம். நகைச்சுவையாக எழுதுவது எப்படி என்று யாரோ ஒருவர் எழுதிய கட்டுரை அது. "இவர் வாசகரைத் தம் பக்கம் இழுக்க என்னென்ன உத்திகளைக் கையாள்கிறார் என்று எழுதி வந்து வெள்ளிக்கிழமை படியுங்கள், நன்றாக இருப்பது ஆண்டுமலரில் வரும்" என்றார் தமிழ் மிஸ். ஆண்டுமலரில் என் பெயர் வந்தே தீர வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

கட்டுரை எழுதிய ஆள் கெட்டிக்காரர். முதலில் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார், நமக்கு அவரைப் பிடித்துப்போகும். பிறகு ஒரு கேள்வி கேட்டு, பதிலையும் அவரே நம் வாயில் வைப்பார். காரணம் சொல்லவேண்டிய இடம் வந்தால் ஒரு ஜோக்கைப் போட்டு நழுவிவிடுவார், சிரிக்கிறவர்கள் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இதையெல்லாம் எழுதி முடித்த பெருமையில் அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். குளத்தங்கரை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் பேசுகிறவர்களின் பேச்சை அப்படியே எழுதினால் போதும், சிரிப்பு தானாக வரும் என்பது அந்தக் கட்டுரையின் யோசனை. உதாரணத்துக்கு ஓர் ஆட்டோக்காரர் பேசுவார்: 'இன்னா சார், மீட்டரு ரிப்பேரா கீது, நா இன்னா பண்றது?' அடுத்த வரி, 'நமக்கெல்லாம் சிரிப்பு வரும் அல்லவா?' நான் அதை நடித்தே காட்டிச் சிரித்தேன். தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்து பார்த்தார்.

"ஜோக்கு எப்போ வரும்?"

"அதான் நைனா ஜோக்கு."

"மீட்டரு ரிப்பேரா கீதுன்னு சொல்றான். இதுல இன்னா ஜோக்கு?"

அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது. 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். அந்த மனிதர் 'நாம்' என்ற ஒரே சொல்லால் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, என் நைனாவை வாசலில் நிறுத்தியிருந்தார். நானும் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கட்டுரையில் அந்தச் சொல் வந்த இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்து மாற்றினேன். 'எங்களுக்கெல்லாம் சிரிப்பு வரும்.' அவ்வளவுதான், அவருடைய சாமர்த்தியம் முழுக்கப் பல்லிளித்துவிட்டது. அதையே புதிதாக எழுதிவைத்தேன்.

ஆனால் இதை வகுப்பில் படிக்க வேண்டுமென்றால், அதுவரை யாரிடமும் மூச்சுவிடாத ஒன்றை நானே சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, "என் நைனா ஆட்டோ ஓட்டுகிறார்" என்று ஆரம்பித்தேன். பின்பெஞ்சில் ஒருத்தி "இன்னா நைனா" என்று இழுக்க, வகுப்பே சிரித்தது. நான் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, முதல் வரியிலிருந்தே மறுபடி படித்தேன். கடைசி வரி வரைக்கும் யாரும் சிரிக்கவில்லை.

மிஸ் மெச்சினார். "மலரில் போடலாம். அந்த 'நைனா'வை மட்டும் 'தந்தை' என்று மாற்றிக் கொடு" என்றார். பெயர் அச்சில் வரப்போகிற சந்தோஷத்தில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தேன்.

அந்த மலர் இப்போது என்னிடம் இல்லை. 'இன்னா'வும் 'கீது'வும்கூட என் வாயில் இல்லை. கல்லூரியிலும் வேலையிலுமாக ஒவ்வொன்றாக நானே துடைத்துப் போட்டேன். போன மாதம் நைனா அடையாற்றிலுள்ள என் வீட்டுக்கு வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே, "லிப்ட்டு நின்னுக்கினு கீது, நடந்தே ஏறியாந்தேன்" என்றார். என் மகள் களுக்கென்று சிரித்தாள். கூடவே நானும் சிரித்துவிட்டேன்.

"நாங்கல்லாம் இப்டித்தாம்மா பேசுவோம்" என்றார் நைனா, அவரும் சிரித்தபடியே.

'நாங்கல்லாம்' என்றார். அதில் நான் இல்லை. இதை இப்படியே விடப்போவதில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆண்டுமலரில் தப்பாக வந்ததை இங்கே திருத்திக்கொள்கிறேன்: ஆட்டோ ஓட்டியவர் என் தந்தை அல்ல, என் நைனா.