தூணுக்குப் பின்னால் ஒரு மேசை

சனிக்கிழமை காலையில் என் மனைவியின் தம்பி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹார்ன் அடிப்பான். எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமையும் வார விடுமுறைதான், ஆனால் அன்று அவன் சைவம், பீரைத் தொடமாட்டான். ஆளுக்கொரு மோட்டாரில் புக்கிட் செலம்பாவிலிருந்து கிளம்பி, செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து, ஏதாவது ஒரு சின்னப் பட்டணத்தில் பீர் விற்கும் சீனர் கடையாகப் பார்த்து உட்காருவோம். போதை இறங்கிய பிறகுதான் திரும்புவோம்.

வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு வருபவன், கடைக்குள் நுழைந்ததும் வேறு மேசைக்குப் போய்விடுவான். திகாம் பத்து என்ற ஊரில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் தூணுக்குப் பின்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். அக்காள் புருஷன் முன்னால் கிளாசைத் தூக்கக் கூடாதாம். வீட்டில் வளர்த்த விதம் அப்படி. நான் குடிப்பது அவனுக்குத் தெரியும், அவன் குடிப்பது எனக்குத் தெரியும். யாரை ஏமாற்ற இந்த நாடகம்? வருஷக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

“இருக்கட்டும் மாமா. அதெல்லாம் சரிப்படாது லா” என்பான்.

கடைக்காரச் சீன அம்மா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சண்டையா என்று மலாயில் கேட்பார். இதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் போதாது.

போன வருஷம் எனக்கும் மனைவிக்கும் டிவோர்ஸ் ஆனது. நல்லபடியாகப் பிரிந்தோம் என்றார்கள். அதில் என்ன நல்லபடி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அவள் அலோர் ஸ்டாருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அவள் பக்கத்துச் சொந்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. கல்யாண வீட்டில் எதிரே பார்த்தால்கூட ஃபோனை நோண்டிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இவனும் போய்விட்டால் தாங்க முடியாது என்று தோன்றியது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

டிவோர்ஸுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, பழையபடி ஹார்ன் சத்தம் கேட்டது. சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அக்காள் வேவு பார்க்க அனுப்பினாளா? பாவம் பார்த்து வருகிறானா? வேறு ஆள் கிடைக்கவில்லையா? கேட்கவும் பயம். கேட்டால் அவனும் யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

திகாம் பத்துக் கடையில் வழக்கமான மேசையில் உட்கார்ந்தேன். அவன் பாட்டிலையும் கிளாசையும் எடுத்துவந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஊற்றி, என் கண்ணெதிரே ஒரு மடக்கு குடித்தான்.

கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன் நான்தானே, மகிழ்ந்திருக்க வேண்டும். நானோ தூக்கிய கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். எந்த முறைக்காக இத்தனை நாள் தள்ளி உட்கார்ந்தானோ, அந்த முறை முடிந்துவிட்டது என்கிறானா? நான் அவனுக்குக் கூட்டாளி ஆகிவிட்டேனா, இல்லை யாரோ ஆகிவிட்டேனா?

“ஏன்டா இங்க உக்காந்த?”

“நீங்க இப்ப தனியாத்தான இருக்கீங்க மாமா. அதான்.”

மாமா என்கிறான், முன்னால் உட்கார்ந்து குடிக்கவும் செய்கிறான். எதை எடுத்துக்கொள்வது? கடைக்கார அம்மா வேறு, ஒருவழியாகச் சமாதானமா என்று சிரித்துக்கொண்டே போனார்.

“எந்திரிச்சு உன் எடத்துல போய் உக்காரு” என்றேன்.

“கோவமா மாமா?”

“கோவமில்ல. போடா.”

ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தான். பிறகு கிளாசை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் சொன்னதற்காகப் போனானா, முறை இன்னும் இருக்கிறது என்று போனானா, தெரியவில்லை. அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் எனக்கு பீர் தொண்டையில் இறங்கியது.